வீடிழந்தோர் வகுத்த கட்டடக் கலை



கட்டடக் கலையைப் பற்றிப் பேசச் சட்டத்தரணிக்கு என்ன தகுதி என்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பொறியியலாளர் சிலர் எண்ணக்கூடும். நியாயமான ஐயமே. சீமெந்தின் கலவையையும் கம்பியின் கனத்தையும் அவர்கள் அறிந்த அளவுக்கு நாம் அறியோம். ஆயினும், ஒரு வீடு எழுவதற்குக் காணி வேண்டும். காணிக்கு உறுதி வேண்டும். உறுதியிற் பெயர் எழுதப்படுவோன் அந்த நாட்டிலே குடியிருக்கும் உரிமை பெற்றவனாயிருத்தல் வேண்டும். இம் மூன்றும் சட்டத்தின்பாற்பட்டவை. அத்திவாரத்துக்கும் கீழே கிடக்கும் அந்தப் பகுதியைப் பற்றியே இன்று பேச வந்தோம்.

நவீன கட்டடக் கலை என்று உலகம் எதனைச் சொல்கின்றது? தட்டைக் கூரை, கொங்கிறீற்றுத் தூண், நீண்ட கண்ணாடிச் சாளரம், அலங்காரம் துறந்த வெள்ளைச் சுவர். கொழும்பிலும் அது உண்டு; லாகோசிலும் உண்டு; பிரேசிலியாவிலும் உண்டு. மேல்நாட்டார் நம் தலையிற் சுமத்திய பாணி என்று அதனை வெறுப்போர் ஒரு சாரார். முன்னேற்றத்தின் அடையாளம் என்று போற்றுவோர் மற்றொரு சாரார். இந்தப் பாணி ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு எவ்வாறு சென்றது என்று இரு சாராரும் கேட்பதில்லை. அதனைச் சுமந்து சென்றோருட் பலர் தம் வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட மனிதர். அந்த வரலாறு நமக்கு அந்நியமானதன்று.

1919ஆம் ஆண்டு ஜேர்மனியின் வைமார் நகரில் வால்ற்றர் கிறோப்பியஸ் என்பார் பௌஹவுஸ் என்னும் கலைக்கூடத்தை நிறுவினார். தச்சனும் நெசவாளியும் ஓவியனும் கட்டடக் கலைஞனும் ஒரே கூரையின்கீழ்ப் பயிலவேண்டும் என்பது அதன் கொள்கை. வைமாரிலிருந்து டெசாவுக்கும், டெசாவிலிருந்து பேர்லினுக்கும் அரசியற் பகை அதனைத் துரத்தியது. 1933ஆம் ஆண்டு ஏப்ரில் 11ஆம் நாள் பொலிசார் அதன் கதவுக்கு முத்திரையிட்டனர். அதற்கு நான்கு நாள் முன்னதாக ஒரு சட்டம் பிறந்திருந்தது. அதன் பெயரைக் கவனியுங்கள்: அரச சேவையை மீளச் சீரமைக்கும் சட்டம்! பெயரிலே ஒரு குற்றமும் இல்லை. அரச சேவையைச் சீரமைக்க வேண்டாம் என்று யார்தான் சொல்வார்? ஆனால், யூதர்களையும் அரசியல் எதிரிகளையும் அரச பதவிகளினின்று நீக்குவதே அச் சட்டத்தின் உட்கிடை. அழகிய பெயர் சூடி வர்த்தமானியிலே வரும் அநீதி எத்தகையது என்பதை இம் மண்டபத்தில் உள்ளோர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

அச் சட்டத்தாலும் அதன் பின்வந்த கொடுமைகளாலும் சிதறியோர் பலர். புறூனோ தவுற் யப்பானுக்கும், பின்னர் துருக்கிக்கும் சென்று 1938இல் இஸ்தான்புல்லில் மாண்டார். எரிக் மென்டல்சோன் இங்கிலாந்து, பலஸ்தீனம், அமெரிக்கா என்று அலைந்தார். பிராங்க்பேர்ட் நகரத் தொழிலாளர்க்கு வீடுகள் சமைத்த ஏர்ண்ஸ்ற் மே முதலிற் சோவியத் நாட்டுக்கும், அங்கிருந்து கிழக்கு ஆபிரிக்காவுக்கும் போனார்; ஹிற்லருடைய ஜேர்மனிக்குத் திரும்பமுடியாத அவரையே, ஜேர்மனியர் என்பதற்காகப் போர்க்காலத்திற் பிரித்தானியர் தடுத்து வைத்தனர். கிறோப்பியஸ் 1937இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்துக்கும், மீஸ் வான் டெர் றோ 1938இற் சிக்காகோவுக்கும் போய்ச் சேர்ந்தனர். அமெரிக்காவின் கண்ணாடிக் கோபுரங்களுக்கு வித்திட்டவர்களுள் இவர்கள் முதன்மையானவர்கள்.

இங்கே சட்டத்தை ஒருகணம் நோக்குவோம். அமெரிக்காவின் 1924ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பங்கு வகுத்து, அதற்குமேல் ஒருவரும் வரலாகாது என்றது. ஆசியர்க்கோ பெரும்பாலும் வாயிலையே அடைத்தது. ஆனால், பல்கலைக்கழகப் பேராசிரியர்க்கு அப் பங்கிலிருந்து விலக்கு இருந்தது. தையற்காரனுக்கும் கடைக்காரனுக்கும் விலக்கு இல்லை. 1939ஆம் ஆண்டு சென்ற் லூயிஸ் என்ற கப்பல் தொளாயிரத்துக்கு மேற்பட்ட யூத அகதிகளைச் சுமந்து கியூபாவின் கரைக்கு வந்தது. மிகச் சிலரைத் தவிர ஏனையோரைக் கியூபா இறங்க விடவில்லை, அமெரிக்காவும் ஏற்கவில்லை, கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. அவருட் பலர் பின்னர் கொலைமுகாம்களில் அழிந்தனர். வரைபடம் வரையத் தெரிந்தவனுக்குத் திறந்த கதவு, குழந்தையைத் தோளிற் சுமந்து வந்தவனுக்கு மூடியே கிடந்தது. நவீன கட்டடக் கலையின் உலகத் தொடர்பு என்று நூல்கள் பெருமையோடு எழுதும்போது இந்த வேறுபாட்டை அடிக்குறிப்பிலும் சேர்ப்பதில்லை.

துரத்தப்பட்ட கலை என்பதற்காக அதனைத் தூய கலை என்று எண்ணிவிடவும் கூடாது. பௌஹவுசிற் பயின்ற பிறிற்ஸ் ஏர்ற்ல் என்பவர் அவுஷ்விற்ஸ் முகாமின் கட்டட அலுவலகத்திற் கடமையாற்றினார். அடிமைகளை அடைக்கும் கொட்டகைகளுக்குப் படம் வரைந்தார். 1972இல் வியன்னா நீதிமன்றத்தில் விடுதலையும் பெற்றார். அதே பள்ளியிற் பயின்ற பிறான்ஸ் ஏர்லிக் பொதுவுடைமைவாதி என்பதற்காகச் சிறைப்பட்டு, புகன்வால்ட் முகாமிலே கைதியாயிருந்தபடி அதன் இரும்பு வாயிலுக்கு எழுத்து வடித்தார். அவருக்கு இடப்பட்ட வாசகம் ‘ஒவ்வொருவனுக்கும் அவனுக்குரியது’ என்பது. உரோம-ஒல்லாந்தச் சட்டம் பயின்ற நம் தோழர்கள் திடுக்கிடுவர். ஜஸ்ரினியன் தொகுத்த நீதி இலக்கணத்தின் தலைவாசகம் அது. சட்டமும் கலையும் சேர்ந்து எந்த வாயிலையும் அழகாக்கக்கூடும். வாயிலின் உட்புறத்தில் நிற்பவர் யார் என்பதே கேள்வி.

இனி, நம் பேச்சுக்கு நடுநாயகமான மனிதரிடம் வருவோம். ஒற்றோ கேனிக்ஸ்பேர்கர் 1908இற் பேர்லினிற் பிறந்தவர். பிறஷ்ய அரசின் கட்டடத் திணைக்களத்தில் உத்தியோகம் பார்த்த இளைஞர். மேலே சொன்ன 1933ஆம் ஆண்டுச் சட்டம் அவருடைய வேலையைப் பறித்தது. எகிப்துக்குப் போய்ப் பழைய கட்டடங்களை ஆராய்ந்து காலங்கழித்தார். அவருடைய மாமனார் முறையினரான மாக்ஸ் போர்ண் என்னும் பௌதிக அறிஞரும் பதவி பறிக்கப்பட்டவரே. போர்ண், சேர் சி. வி. இராமன் அழைக்க 1935இற் பெங்களூருக்கு வந்து, மைசூர்த் திவான் சேர் மிர்சா இஸ்மாயிலின் நட்பைப் பெற்றவர். அந்த நட்பின் வழியாக 1939இற் கேனிக்ஸ்பேர்கர் மைசூர் சமஸ்தானத்தின் அரசாங்கக் கட்டடக் கலைஞராக வந்தார். தமிழ்நாட்டார் ஒருவரின் அழைப்பும், முஸ்லிம் திவான் ஒருவரின் பெருந்தன்மையும், இந்து மகாராசாவின் கருவூலமும் சேர்ந்து ஒரு யூத அகதிக்கு வாழ்வளித்தன. அந்நாளிற் பெரிய குடியரசுகள் பல செய்யாததை அச் சிறு சமஸ்தானம் செய்தது.

மைசூரில் அவர் கற்ற முதற் பாடம் வெயில். பேர்லினிலே சூரியனை வீட்டுக்குள் அழைக்கச் சாளரத்தைப் பெருப்பிக்கக் கற்றவர், இங்கே அவனை வெளியே நிறுத்தவும், காற்றை மாத்திரம் உள்ளே விடவும் கற்க வேண்டியிருந்தது. நம் ஊர் மேசனுக்கும் கிடுகு வேய்பவனுக்கும் அது பிறவிப்பாடம். அவருக்கோ நாற்பதுகளின் உழைப்பு. பிற்காலத்தில் அவர் இலண்டனில் வெப்பமண்டலக் கட்டடக் கலைக்கென ஒரு துறையையே நடத்தி, ஆபிரிக்க ஆசிய மாணவர்களுக்கு இதனைக் கற்பித்தபோது, அவர் போதித்ததிற் பெரும்பங்கு மைசூர் அவருக்குப் போதித்ததே.

1947இல் இந்தியா பிரிந்தது. கோடிக்கும் மேற்பட்ட மக்கள் எல்லை கடந்தனர். 1948இல் நேருவின் அரசாங்கம் கேனிக்ஸ்பேர்கரை வீடமைப்புப் பணிப்பாளராக்கியது. அகதிகளுக்கு வீடமைக்க ஓர் அகதி! அங்கே அவர் கைப்பட்ட இரு முயற்சிகளை நாம் சற்று நின்று பார்க்கவேண்டும். ஏனெனில், இவ்விரண்டும் அரைநூற்றாண்டுக்குப் பின்னர் நம் வன்னியிலும் வந்து நின்றன.

முதலாவது டில்லியில் அமைந்த அரசாங்க வீட்டுத் தொழிற்சாலை. சுவரை ஆலையிலே வார்த்து, வண்டியிலேற்றி, போன இடத்திற் பொருத்திவிட்டால் வீடு. போருக்குப் பின்னர் ஐரோப்பா முழுவதும் மயங்கிய எண்ணம் அது. கணக்கிலே மலிவு; காகிதத்திலே விரைவு. நடந்தது வேறு. வார்த்த பலகைகள் வெடித்தன, வழியிலே உடைந்தன. செலவு ஏறிற்று, பாராளுமன்றத்திற் கண்டனம் எழுந்தது, திட்டம் வீழ்ந்தது. 1951இற் கேனிக்ஸ்பேர்கர் இந்தியாவை விட்டு இலண்டனுக்குச் சென்றார்.

இரண்டாவது டில்லிக்குத் தெற்கே உள்ள பரீதாபாத். அந்நகரைத் திட்டமிட்டதிலும் அவருடைய கை இருந்தது. அங்கு கொண்டுவரப்பட்டோர் வடமேற்கு எல்லைப்புற மாகாணத்திலிருந்து வந்த பல்லாயிரம் அகதிகள். கான் அப்துல் கபார் கானின் இயக்கத்திற் பயின்றோரும் அவருள் இருந்தனர். அரசாங்கம் ஒப்பந்தகாரரைக் கொண்டு வீடு கட்டித் தர எண்ணியது. அகதிகள் மறுத்தனர். ‘எங்கள் வீட்டை நாங்களே கட்டுவோம், கூலியும் எங்களுக்கே வரட்டும்’ என்பது அவர் கோரிக்கை. கமலாதேவி சட்டோபாத்தியாயாவின் கூட்டுறவு இயக்கம் அவர்க்குத் துணை நின்றது; நேருவும் இசைந்தார். கடைக்காரராயும் எழுதுவினைஞராயும் இருந்தவர்கள் செங்கல் அறுக்கவும் சுவர் எழுப்பவும் பழகினர். ஆயிரக்கணக்கான வீடுகள் எழுந்தன. திணைக்களத்தின் கை ஓங்கிய பின்னர் அந்தக் கூட்டுறவு உணர்ச்சி மெல்ல நசிந்தது என்று, அப் பணியில் இளைஞராக உழைத்த எல். சி. ஜெயின் பின்னாளில் எழுதிய நூலிற் சொல்லியிருக்கிறார். ஆனால் வீடுகள் நின்றன.

ஒரே அரசாங்கம், ஒரே காலம், ஒரே அகதிகள். ஓரிடத்தில் வீடு ஒரு சரக்கு. மற்றோரிடத்தில் அது மக்களின் செயல்.

இந்தியப் பிரிவினையின் கட்டடக் கலை என்றால் உலகம் பரீதாபாத்தைச் சொல்வதில்லை, சண்டிகாரையே சொல்லும். லாகூர் பாக்கிஸ்தானுக்குப் போனதால் இந்தியப் பஞ்சாப் தலைநகரை இழந்தது. புதிய நகருக்கு முதலில் அமெரிக்கராகிய அல்பேர்ட் மேயரும், போலந்தைத் துறந்து வாழ்ந்த மத்தேயு நொவிக்கியும் படம் வரைந்தனர். 1950இல் நொவிக்கி விமான விபத்தில் மாண்டார். பின்னர், சுவிற்சலாந்திற் பிறந்து பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற லெ கொர்பூசியே அழைக்கப்பட்டார். அவரோடு அவர் உறவினர் பியர் ஜெனறே, மேற்கு ஆபிரிக்காவிற் பணிபுரிந்திருந்த மக்ஸ்வெல் பிறை, ஜேன் டுறூ ஆகியோர் வந்தனர். லெ கொர்பூசியே அகதியல்லர். 1941இல் ஜேர்மனியருக்குப் பணிந்த விஷி அரசின் வாயிலிலே வேலை தேடி மாதக்கணக்கிற் காத்திருந்தவர் அவர் என்பதையும் குறித்து வைப்போம். மேதைக்கு விதிவிலக்கு வேண்டியதில்லை.

சண்டிகாரின் சட்டமன்றமும் உயர்நீதிமன்றமும் 2016இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறின. ஏறட்டும், அவை ஏறத் தகுந்த கட்டடங்களே. ஆனால், கமக்காரப் பெருமக்களே, அந்த நகரம் வெறும் நிலத்தில் எழவில்லை. உழுதுண்ட கிராமங்கள் பலவற்றின் காணி சுவீகரிக்கப்பட்டது. எஞ்சிய சுற்றுப்புறத்துக்கு 1952இல் ஒரு கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது: நகரைச் சுற்றி முதலில் 5 மைலுக்கும், பின்னர் 10 மைலுக்கும் உள்ளே உத்தரவின்றி ஒருவரும் கட்டடம் எழுப்பலாகாது. நகரின் அழகைக் காக்கவே அச் சட்டம். தன் மகன் மணமுடித்தபோது தன் வளவிலே ஓர் அறை கூட்ட விரும்பிய உழவன் அதன் அழகை எவ்வாறு இரசித்திருப்பான் என்பதை நாம் ஊகிக்கலாம்.

கட்டியவர்களின் நிலை என்ன? கூடையிற் கொங்கிறீற்றைச் சுமந்து ஏறிய ஆண்களுக்கும் பெண்களுக்கும் அந் நகரத்தின் படத்தில் வீடு இல்லை. கட்டுமானக் கொட்டில்களிற் குடியிருந்தனர்; வேலை முடிந்ததும் ‘சட்டவிரோதக் குடியிருப்பாளர்’ ஆயினர். மது சரின் என்னும் பெண்மணி 1982இல் வெளியான தம் ஆய்விலே இதனை விரிவாக எழுதினார். தொழிலாளர் குடியிருப்புகளுள் நாலாம் இலக்கக் காலனி 2022ஆம் ஆண்டு மே மாதம் 1ஆம் நாள் இடிக்கப்பட்டது. ஆம், தொழிலாளர் தினத்தன்றே!

அந் நகரிலேயே இன்னொரு வகைக் கட்டடமும் உண்டு. பாக்கிஸ்தானுக்குப் போய்விட்ட ஒரு கிராமத்திலிருந்து அகதியாக வந்து, சண்டிகாரில் வீதிப் பரிசோதகராக வேலைபார்த்த நேக் சந்த் என்பவர் 1957 முதல் வேலை முடிந்த பின்னர் காட்டோரத்துக்குப் போவார். நகருக்காக இடிக்கப்பட்ட கிராமங்களின் உடைந்த ஓடுகளையும் பீங்கான்களையும் கற்களையும் சைக்கிளிற் கொண்டுபோய்ச் சேர்த்து, யாருக்கும் தெரியாமல் உருவங்களும் முற்றங்களும் சமைத்தார். அரச காணி அது. ஒரு கல் நடவும் அவருக்கு அனுமதி இல்லை. ஆண்டுகள் பல சென்றபின் அதிகாரிகள் கண்டுபிடித்தனர். இடிக்காமல், 1976இல் மக்களுக்குத் திறந்துவிட்டனர். நாலாம் இலக்கக் காலனிக்கு இந்தக் கருணை வாய்க்கவில்லை. சிற்பம் அத்துமீறினால் அது சுற்றுலாத்தலம். சமையலறை அத்துமீறினால் அது குற்றம்.

கேனிக்ஸ்பேர்கரை இலண்டனில் விட்டோம். 1954 முதல் அவர் மேற்கு ஆபிரிக்கப் பொற்கரைக்கு, அதாவது இன்றைய கானாவுக்கு, ஐக்கிய நாடுகள் சபையின் சார்பிற் சென்ற மூவருள் ஒருவர். மற்றவர் விளாடிமிர் பொடியான்ஸ்கி. உருசியப் பேரரசிற் பிறந்து, பிரான்சில் வாழ்ந்த பொறியியலாளர். மூன்றாமவர் சாள்ஸ் ஏபிரம்ஸ், வில்னாவிற் பிறந்து, குழந்தையாக நியூயோர்க்குக்குக் குடிபெயர்ந்த யூதர், தொழிலாற் சட்டத்தரணி. நியூயோர்க் நகர வீடமைப்பு அதிகாரசபையின் முதலாவது சட்ட ஆலோசகர் அவர். சேரியை அகற்றக் காணி சுவீகரிக்கும் அதிகாரத்தை 1936இல் நீதிமன்றத்தில் நிலைநாட்டினார். பின்னர் அதே அதிகாரத்தால் எடுத்த நிலத்தில் எழுந்த ஒரு நவீன மாடிக்குடியிருப்பில், போரிலிருந்து மீண்ட கறுப்பின வீரருக்கு இடமில்லை என்றபோது, அவர்க்காகவும் வாதாடினார். 1949இல் நாலுக்கு மூன்று என்ற தீர்ப்பில் தோற்றார். வரைபடத்தைப் பார்த்தால் யார் வெளியே நிறுத்தப்படுவர் என்பது தெரியாது, விதிமுறையைப் பார்த்தாற்றான் தெரியும் என்பதை அவர் அங்கே கண்டார்.

பொற்கரை அரசாங்கம் அப்பொழுது ஒல்லாந்துக் கம்பனி ஒன்றின் முன்வார்ப்புக் கொங்கிறீற்று வீடுகளை நாடியிருந்தது. மூவரும் அது வேண்டாம் என்றனர். டில்லித் தொழிற்சாலையை நேரிற் கண்டவர் ஒருவர் அவருள் இருந்தாரல்லவா! கிராமத்து மக்கள் மண்ணாற் சுவரை எழுப்பத் தாமே வல்லவர். அவர்களாற் பெறமுடியாதவை கூரையும் கதவும் சாளரமும். அவற்றுக்கு மாத்திரம் கடன் கொடுங்கள் என்றனர். சுவர் எழுந்தபின் கிராமச் சங்கத்தின் பொறுப்பிற் கூரைக்கடன். இத்தனை எளிய திட்டத்தை வகுக்க மூன்று கண்டங்களின் துயரம் வேண்டியிருந்தது. நவீன கட்டடக் கலையின் மிகச் சிறந்த விளைவுகளுள் அந்தக் கடன் பத்திரத்தையும் நாம் சேர்ப்போம்.

இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி இலங்கையிலும் உண்டு. கண்டியிற் பிறந்த மினெற் டி சில்வா நாற்பதுகளிற் கேனிக்ஸ்பேர்கரின் பெங்களூர் அலுவலகத்தில் ஜம்ஷெட்பூர் நகரத் திட்டத்திற் பணியாற்றியவர். 1948இற் பிரித்தானியக் கட்டடக் கலைஞர் அரச நிறுவகத்தில் அங்கத்தவரான முதல் ஆசியப் பெண்மணி அவரே. ஐம்பதுகளிற் கண்டி வட்டப்புளுவையில் அரசாங்க உத்தியோகத்தருக்கு வீடமைப்புத் திட்டம் வகுத்தபோது, ஒரே அச்சில் வீடுகளை வார்க்க அவர் உடன்படவில்லை. வினாக்கொத்து அனுப்பினார், குடும்பங்களைக் கூட்டிக் கேட்டார், பல இனத்தவரும் சமயத்தவருமாகிய அவர்களின் தேவைக்கும் வருவாய்க்கும் ஏற்ப வீட்டு வகைகளை அமைத்தார்.

குடியிருப்பவனைக் கேட்டுக் கட்டலாம் என்று இந்நாட்டார் அறியாதவரல்லர். அறிந்தும் கேளாத இடம் ஒன்று உண்டு. மலைநாட்டு லயன் அறையைச் சொல்கிறோம். தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளிக்குத் துரை அளந்த அளவு அது. வேலை உள்ளவரை கூரை. வேலை போனாற் கூரையும் போம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென்றும் 300,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்து, 150,000 பேரின் கதியைப் பின்னர் பார்ப்போம் என்று ஒத்திவைத்தது. ஆட்டுப் பட்டியையும் இவ்வாறு எண்ணிப் பிரியார். எழுபதுகளின் வன்செயலுக்கு அஞ்சி வன்னிக்கு வந்த மலைநாட்டுக் குடும்பங்கள் பல. காடு வெட்டிக் கழனியாக்கியும் காணிப் பத்திரம் பெறாதோர் அவருள் ஏராளம்.

போருக்குப் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் என்ன நடந்தது? 2012 முதல் இந்திய வீட்டுத் திட்டத்தின்கீழ் 46,000 வீடுகளை நோக்கி வேலை பரந்தளவில் நடந்தது. வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா பயனாளியின் கணக்கிற்கே வந்தது; கட்டுபவர் அவரே. பணம் போதவில்லை, கடன்பட்டோர் உண்டு, நகை அடைவு வைத்தோர் உண்டு. அதனை மறைப்பதிற் பயனில்லை. ஆயினும் மேசனை அமர்த்தியதும், விறாந்தையை எப்பக்கம் வைப்பது என்று முடிவு செய்ததும் அவ்வீட்டுக்காரரே. பெரும்பாலும் வீட்டுக்காரியே.

2015ஆம் 2016ஆம் ஆண்டுகளிலோ டில்லித் தொழிற்சாலையின் ஆவி நம் வாயிலில் வந்து நின்றது. 65,000 பொருத்து வீடுகள்; ஐரோப்பிய நிறுவனம் ஒன்றின் உருக்குச் சட்டங்கள்; வீடொன்று ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் உட்படப் பொறியியலாளர் பலர் கணக்கோடு எதிர்த்தனர். அதே பணத்தில் இரு கல்வீடுகளுக்கு மேல் எழுப்பலாம் என்றனர், வெக்கையைக் கேட்டனர், உப்புக்காற்றிற் கறள் பிடிக்காதா என்றனர், விறகடுப்புக்குப் புகைபோக்கி எங்கே என்றனர். மக்கள் பிரதிநிதிகளும் எதிர்த்தனர். திட்டம் அந்த வடிவில் நிறைவேறவில்லை. அன்று பொற்கரையில் மூவர் எழுதிய அறிக்கையை ஓர் அமைச்சராவது புரட்டியிருந்தால் அவ்வளவு காலமும் வீணாகியிராது.

இன்றைய உலகில் இந்த வேறுபாடு வேறு வேடத்தில் நிற்கின்றது. டாக்காவைச் சேர்ந்த பஸ்லுர் ரகுமான் கான் 1952இற் புலமைப் பரிசில் பெற்று அமெரிக்கா சென்றார். வானளாவும் கட்டடங்களைக் குழாய்போல் எழுப்பும் முறையை வகுத்தார். சிக்காகோவின் சியேர்ஸ் கோபுரம் அவர் கணக்கில் நிற்கின்றது. அவர் பணிபுரிந்த அதே நிறுவனமே, அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின்னர், 2010இற் டுபாயில் திறக்கப்பட்ட புர்ஜ் கலீபாவையும் வரைந்தது. அதனைக் கட்ட வெயிலில் நின்றோர் பெரும்பாலும் நம் தென்னாசியாவின் பிள்ளைகள். அவர்கள் பொறுப்பாளியின் பெயரிலே விசா பெற்றுப் போனவர்கள். கடவுச்சீட்டை எசமானன் வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கமும் அங்கே பரவலாயிருந்தது. நம் ஊர்களிலிருந்தும் போனார்கள். அவர்கள் அனுப்பிய காசிலே எழுந்த தட்டைக்கூரை வீடுகள் நம் ஒழுங்கைகளில் நிற்கின்றன. சில வீடுகளிற் கட்டியவன் குடியிருக்கவில்லை.

இனி நம் கைவேலைக்கு வருவோம். வீட்டுத் திட்டம் எதுவாயினும் பட்டியலில் ஏறக் காணிப் பத்திரம் கேட்கப்படும். இடப்பெயர்விலே உறுதி எரிந்தவர் உண்டு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ்ப் பெற்ற அனுமதிப்பத்திரம் தந்தையின் பெயரிலேயே கிடக்க, தந்தை இல்லாதவர் உண்டு. அச் சட்டத்தின் வாரிசு வரிசையில் ஆண்மக்களுக்கே முதலிடம் இருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை மாற்றியது. தாய்மார் இதனை அறிந்து வைத்தல் வேண்டும். பத்திரமே இல்லாதோர், சிறப்பாக மலைநாட்டிலிருந்து வந்து கமம் செய்வோர், தாம் குடியிருந்த ஆண்டுகளுக்குச் சான்றான பாடசாலைப் பதிவு, வாக்காளர் இடாப்பு, நெல் விற்ற துண்டு, பங்கீட்டு அட்டை எதுவாயினும் எறிந்துவிடாதீர்கள்.

கூட்டம் முடிந்ததும் வாயிலின் வலப்புறத்து மேசையில் இரு இளம் சட்டத்தரணிகள் அமர்ந்திருப்பர். ஒரு பொறியியலாளரும் இருக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். பத்திரம் உள்ளோர் ஒரு கொப்பியிலும், இல்லாதோர் மற்றொரு கொப்பியிலும் பெயர், கிராம சேவையாளர் பிரிவு, காணியின் எல்லை ஆகியவற்றைப் பதியுங்கள். எழுத உதவி வேண்டுவோர்க்கு உதவுவர். கட்டணம் இல்லை. இரண்டாவது கொப்பியை முதலில் எடுப்போம்.